லேபிள் வெட்டின சரக்கு

போன ஏப்ரல்ல முழுப் பரீட்சை முடிஞ்ச மறுநாளே அக்கா பையன் பையைத் தூக்கிக்கிட்டு ஊத்துக்குளி ஸ்டேஷன்ல வந்து இறங்கிட்டான். ஒன்பதாவது முடிச்சவன். லீவுக்கு வர்ற பையன்னா கதித்தமலை ஏறுவான், கிணத்துல குதிப்பான், அம்முச்சி எடுத்து வெச்ச வெண்ணெயை விரல்ல வழிச்சுத் தின்பான். நாங்க அப்படித்தான் இருந்தோம். இவன் செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி கேட்டது, "மாமா, அந்தப் பழைய லேப்டாப் இன்னும் ஓடுதுங்களா?"

ஓடுது. எக்செல் தொறக்க ரெண்டு நிமிஷம் எடுத்துக்கும், ஆனா ஓடுது.

அவன் கேட்டது யூரோ டிரக் சிமுலேட்டர் 2. செக் நாட்டுல பிராக் நகரத்துல இருக்கிற எஸ்சிஎஸ் கம்பெனி 2012ல விட்ட கேம். ஐரோப்பா ரோட்டுல லாரி ஓட்டிட்டுப் போய் லோடு இறக்கணும், அவ்வளவுதான். சுடறது, வெட்டறது ஒண்ணும் கிடையாது. மச்சான் தூத்துக்குடி ஹார்பருக்கு கன்டெய்னர் இழுக்கறவர். ராத்திரியெல்லாம் ரோட்டுல கெடக்கற அப்பனைப் பாத்து வளந்த பையன், லீவுலயும் லாரியே ஓட்டறேங்கறான். யாரோ நம்ம ஊரு லாரி, பஸ் எல்லாம் அந்த கேமுக்குன்னு செஞ்சு சும்மாவே விட்டிருக்காங்களாம், அதையும் ஏத்திக்கலாம்னான்.

நான் பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசர். ஒரு விலையைக் கேட்டா, "எச்சா இருக்குதே, வேற எங்க கம்மியா கிடைக்கும்?"னு தேடறதுதான் பொழப்பு. பட்டன் ஒண்ணுக்கு ரெண்டு பைசா குறைக்க மூணு பேருக்குப் போன் போடற ஆளு, கம்ப்யூட்டர் கேம் விக்கற ஸ்டீம்ங்கற ஆன்லைன் கடையில போட்டிருக்கற விலையை அப்படியே கொடுப்பனா? தேடினேன். அதே கேமை 310 ரூபாய்க்குத் தர்றேன்னு ஒரு கடை. ஸ்டீம் விலையில பாதி கூட இல்லை. கடை பேரு வேண்டாம். அந்த மாதிரி வரிசையா இருக்கு.

தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கடைங்க கேமை விக்கறதில்லை, கீயை விக்குது. அஞ்சு அஞ்சு எழுத்தா மூணு கட்டு, நடுவுல ரெண்டு கோடு. அதை ஸ்டீம்ல அடிச்சா கேம் உங்க கணக்குல ஏறும். ஒரு கீ ஒரு தடவைதான். ஸ்டீமை நடத்தற வால்வு, தன் கடையில நேரா வித்தா பொதுவா 30 சதவீதம் எடுத்துக்கும். ஆனா கேம் கம்பெனி வெளிய வித்துக்கறதுக்கும் கீ கொடுக்கும், அதுக்குக் கமிஷன் கேக்காது. அப்படி வெளிய வர்ற கீ, கை மாறிக் கை மாறி எங்கெங்கயோ போகுது. நான் நின்ன கடை அதுல எத்தனாவது கைன்னு எனக்குத் தெரியாது.

310னு போட்டிருந்தது பணம் கட்டற பக்கம் வந்ததும் 389 ஆயிருச்சு. சேவைக் கட்டணம் ஒண்ணு, பணம் கட்டறதுக்குக் கட்டணம் ஒண்ணு. அதுக்கும் கீழ 'பாதுகாப்புத் திட்டம்'னு மாசா மாசம் காசு எடுக்கற சமாச்சாரத்துக்கு அவங்களே டிக் போட்டு வெச்சிருந்தாங்க. நல்லவேளை அதைப் பாத்து எடுத்துட்டேன். இந்த மாதிரி ஜோலிக்கெல்லாம் நம்ம நாட்டுலயே தடை இருக்கு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர்ல 13 விதமான ஏமாத்து உத்திகளைப் பட்டியல் போட்டு வழிகாட்டுதல் விட்டுச்சு. கடைசி நேரத்துல கட்டணத்தை ஏத்தறது, கேக்காத சாமானைக் கூடையில நுழைக்கறது ரெண்டும் அதுல உண்டு. பட்டியல் டெல்லியில இருக்கு, டிக்கு என் ஸ்கிரீன்ல இருந்துச்சு.

என் கார்டுல வெளிநாட்டுக்குப் பணம் போறது அடைச்சிருந்துச்சு. பேங்க் ஆப்ல போய் அதைத் தொறந்துவிட்டு, பணத்தைக் கட்டி, 'கீயைக் காட்டு'ங்கற பட்டனை அமுக்கினேன். அமுக்கறதுக்கு முன்னால இன்னொரு டிக்கு கேட்டுச்சு: கீயைப் பாத்துட்டா பணத்தைத் திருப்பிக் கேக்கற உரிமையை விட்டுக்கொடுக்கறேன்னு. பையன் தோள் மேல சாஞ்சு நிக்கறான். எவன் படிப்பான்? போட்டேன்.

ஸ்டீம்ல அடிச்சோம். இந்தக் கீயை ஏற்கெனவே வேற கணக்குல பயன்படுத்தியாச்சுன்னு வந்துச்சு. ஓ-வா சைபரான்னு மாத்தி மாத்தி அடிச்சுப் பாத்தோம். அதேதான்.

"பரவால்ல மாமா, ஊட்ல போன்லயே பஸ் கேம் இருக்குது"ன்னான். அந்தப் 'பரவால்ல'தான் எனக்கு ரோஷத்தைக் கிளப்பிருச்சு.

திருப்பூர்ல காதர்பேட்டையைத் தெரியாதவங்க இருக்க மாட்டீங்க. ரயில்வே ஸ்டேஷன்ல இறங்கி நடந்தே போயிடலாம். எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், ஆர்டர் கேன்சல் ஆனது, செகண்ட்ஸ், டேமேஜ் எல்லாம் அங்கதான் கெடக்கும். ஐரோப்பாவுல பெரிய கடையில தொங்க வேண்டிய டீ-ஷர்ட், இங்க கிலோ கணக்குல போகும். மலிவுங்கறதால மட்டும் நாங்க யாரும் அதைத் திருட்டுச் சரக்குன்னு சொல்ல மாட்டோம். ஏன் மலிவுன்னு எங்களுக்குத் தெரியும். கலர் அரைக்கால் ஷேடு தள்ளியிருக்கும், இல்ல ஷிப்மென்ட் தேதி தப்பியிருக்கும், இல்ல பையர் கைவிட்டிருப்பான். வெளிய விடறதுக்கு முன்னாடி கழுத்து லேபிளை வெட்டணும்ங்கறது பையரோட கண்டிஷன். வெட்டினவங்க அவசரத்துல அரை சென்டிமீட்டர் விட்டிருப்பாங்க. போட்டா பின்கழுத்துல அரிச்சுக்கிட்டே இருக்கும். நான் இப்பப் போட்டிருக்கற சட்டையிலயும் அந்த அரிப்பு உண்டு.

கீ கடையை நான் இன்னொரு காதர்பேட்டைன்னுதான் நினைச்சேன். பாதி சரிதான். அங்க வர்ற சரக்குல ஒரு பங்கு நேர்மையான சர்ப்ளஸ்தான். பத்து கேம் கட்டா ஹம்பிள் மாதிரி கடையில வாங்கி, வேண்டாத எட்டை வித்துடறவன் இருக்கான். விலை கம்மியா இருக்கற நாட்டுல வாங்கி எச்சா இருக்கற நாட்டுக்குத் தள்ளறவன் இருக்கான். அதனாலதான் நிறையக் கீக்கு நாட்டுப் பூட்டு போட்டிருப்பாங்க. வாங்கினப்புறம்தான் 'உங்க நாட்டுல செல்லாது'ன்னு தெரியும். அர்ஜென்டினா, துருக்கி விலை அநியாயத்துக்குக் கம்மியா இருக்குன்னு உலகம் பூரா அங்க இருக்கற மாதிரி வேஷம் கட்டி வாங்கினதுல, 2023 நவம்பர்ல வால்வு அந்த ரெண்டு நாட்டையும் டாலர் விலைக்கு மாத்திருச்சு. கடைசியில அடி வாங்கினது அந்த ஊருப் பசங்க.

மீதிதான் விவகாரம். திருட்டு கிரெடிட் கார்டு நம்பர் வெச்சிருக்கறவன் ஒருத்தன், சின்ன கேம் கம்பெனியோட சொந்தக் கடையில அம்பது கீ வாங்கறான். உடனே சந்தையில பாதி விலைக்கு வித்துடறான். திருட்டுப் பணம் வெள்ளையாயிருச்சு. பத்து நாள் கழிச்சு கார்டுக்காரர் பேங்க்ல புகார் பண்றார். பேங்க், கேம் கம்பெனிகிட்ட இருந்து காசைப் பிடுங்கித் திருப்பிக் கொடுக்குது, அதுக்கு மேல ஒவ்வொண்ணுக்கும் அபராதமும் போடுது.

எங்க தொழில்ல இருக்கறவங்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்கவே வேண்டாம். டெபிட் நோட். சரக்கு போய், பில்லும் பாஸாகி, நிம்மதியா இருக்கறப்ப பையர்கிட்ட இருந்து ஒரு பேப்பர் வரும்: இன்ன காரணம், இவ்வளவு கழிச்சிருக்கோம். சரக்கு போனது போனதுதான், காசும் போச்சு. அந்த கேம் கம்பெனிக்கும் அப்படியே. ஒரே வித்தியாசம், அவன் கீயை ரத்து பண்ண முடியும். ரத்து பண்ணினா திருடனுக்கு ஒண்ணும் ஆகாது. ஊத்துக்குளியில எங்கயோ ஒரு பையன் லாரியில ஏறப் போனா லாரி இருக்காது.

2015 ஜனவரியில இதேதான் நடந்துச்சு. ஃபார் கிரை 4 மாதிரி யூபிசாஃப்ட் கேமுங்களை வாங்கினவங்க நிறையப் பேரு காலையில எந்திரிச்சுப் பாத்தா கணக்குல கேமைக் காணோம். இஏ கம்பெனியோட ஆரிஜின் கடையில திருட்டு கார்டுல வாங்கின கீ, அதான் எடுத்துட்டோம்னு யூபிசாஃப்ட் சொல்லுச்சு. கூச்சல் பெருசானதும், ஏற்கெனவே விளையாட ஆரம்பிச்சவங்களுக்கு மட்டும் திருப்பிக் கொடுத்துச்சு. அடுத்த வருஷம் டைனிபில்டுங்கற சின்ன கம்பெனி, தங்களோட நாலரை லட்சம் டாலர் மதிப்புள்ள கீங்க ஜி2ஏ சந்தையில வித்திருக்கு, தங்களுக்கு ஒரு காசு வரலைன்னு வெளிய வந்து சொன்னாங்க. ஜி2ஏ போலந்துல தொடங்கின பெரிய சந்தை. அவங்க அதை ஒத்துக்கலை. உங்க ஆளுங்களே வெளிய வித்திருக்கலாமேன்னாங்க. 2019ல மைக் ரோஸ்னு ஒரு கேம் பதிப்பாளர், அங்க காசு கொடுத்து வாங்கறதுக்குப் பதிலா என் கேமைத் திருட்டா டவுன்லோட் பண்ணிக்குங்கன்னே சொல்லிட்டார். எப்படியும் எனக்கு வரப்போறதில்லைங்கற கடுப்பு.

அதே வருஷம் ஜி2ஏ ஒரு சவால் விட்டுச்சு: திருட்டுக் கீ எங்ககிட்ட வித்ததுன்னு நிரூபிச்சா, உங்களுக்கு ஆன நஷ்டத்துக்குப் பத்து மடங்கு தர்றோம். ஃபேக்டரியோ கேமைச் செஞ்ச வூபே ஏத்துக்கிட்டாங்க. 2020 மே மாசம் முடிவு வந்துச்சு. 198 திருட்டுக் கீ வித்தது உண்மைதான்னு ஜி2ஏ ஒத்துக்கிட்டு 39,600 டாலர் கட்டினாங்க. கட்டினது நல்ல விஷயம்தான். ஆனா அந்த 198 கீயையும் வாங்கினவங்கள்ல எத்தனை பேருக்கு, தாங்க வாங்கினது என்னன்னு தெரிஞ்சிருக்கும்?

காதர்பேட்டைக்கும் கீ கடைக்கும் வித்தியாசம் எனக்கு இங்கதான் உறைச்சுது. செகண்ட்ஸ் பனியனை வாங்கி வந்துட்டா அது என்னுது. பையர் ஜெர்மனியில இருந்து வந்து என் முதுகுல இருந்து உருவ முடியாது. கீ அப்படி இல்லை. அது சாமானே இல்லை, அனுமதி. கொடுத்தவன் எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம். ஸ்டீம்ல 2024 அக்டோபர்ல இருந்து பணம் கட்டற இடத்துலயே எழுதிட்டாங்க, நீங்க வாங்கறது உரிமம்தான்னு. கலிஃபோர்னியாவுல வந்த சட்டத்துக்குப் பயந்து. பிரான்சுல 2019ல ஒரு கோர்ட்டு, வாங்கின கேமைப் பழைய புத்தகம் மாதிரி மறுபடி விக்கலாம்னு தீர்ப்பு கொடுத்துச்சு; 2022ல மேல்கோர்ட்டு அதைத் தூக்கிப் போட்டுருச்சு.

சரி, என் 389 ரூபாய்க்கு வர்றேன்.

ஸ்டீம்ல நேரா வாங்கியிருந்தா கதை ரெண்டு வரியில முடிஞ்சிருக்கும். வாங்கி 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குக் கம்மியா விளையாடியிருந்தா, காரணமே கேக்காம பணம் திரும்பும். 2015 ஜூன்ல இருந்து இந்த விதி. அதுக்கு முன்னாடி அவங்களும் லேசுல தரமாட்டாங்க. அந்தப் பழைய கெடுபிடிக்காக ஆஸ்திரேலிய கோர்ட்டு 2016ல வால்வுக்கு 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டுச்சு. வெளிய வாங்கின கீக்கு மட்டும் இந்த விதி கிடையாது, வித்தவங்களைக் கேட்டுக்குங்கன்னு தெளிவாவே எழுதி வெச்சிருக்காங்க.

வித்தவங்களைக் கேட்டேன். சாட்டுல முதல்ல ஒரு பொம்மை. அதைத் தாண்டறதுக்கே ஒரு நாள். அப்புறம் வந்தவர், இது எங்க சரக்கு இல்லை, எங்க சந்தையில கடை போட்டிருக்கற விற்பனையாளரோடதுன்னார். விற்பனையாளர் பேரு நாலு எழுத்தும் மூணு நம்பரும். அவர் மூணு நாள் கழிச்சு, "எங்க சிஸ்டத்துல கீ சரியா இருக்கு. உங்க வீட்டுல வேற யாராவது வேற கணக்குல போட்டிருப்பாங்க"ன்னார். எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. காதர்பேட்டைக்காரர் என்ன ஏமாத்தினாலும் நாளைக்கும் அதே ஸ்டூல்லதான் உக்காந்திருப்பார். அவர் முகத்துக்கு முன்னால பனியனை வீசலாம். இவர் மூஞ்சிய நான் எங்க போய்த் தேடுவேன்?

வீடியோ கேட்டாங்க. ஆர்டர் பக்கம், கீ, ஸ்டீம்ல அடிக்கறது, தப்புன்னு வர்றது எல்லாம் வெட்டாம ஒரே ஓட்டத்துல இருக்கணுமாம். பையன் போனைப் புடிச்சான், நான் அடிச்சேன். நடுவுல அம்மா சமையக்கட்டுல இருந்து வந்து, "ஏங்கண்ணு, உங்க மாமன் அழுவாச்சி மூஞ்சியப் போயி எதுக்குப் படம் புடிக்கறே?"ன்னுச்சு. அதுவும் அதுல பதிஞ்சிருக்கு. அப்படியே அனுப்பினேன்.

கூடவே பேங்க்லயும் தகராறு போட்டேன். இதை எல்லாரும் தெரிஞ்சுக்கணும். கார்டுல கட்டினா, 'பணம் கட்டினேன், சொன்ன சரக்கு வரலை'ன்னு பேங்க் மூலமா காசைத் திருப்பிக் கேக்க ஒரு வழி இருக்கு. ரசீது, சாட்டு, தப்புன்னு வந்த ஸ்கிரீன் எல்லாத்தையும் சேத்து வைக்கணும். யூபிஐல நாமளே பின் போட்டு அனுப்பின பணத்துக்கு இந்தப் பிடி அவ்வளவு வலுவா இல்லை. வேலை செய்யற கீயை வெச்சுக்கிட்டு இப்படிப் பண்றது மட்டும் வேண்டாம். ஸ்டீம்ல நேரா வாங்கினதுக்கே பேங்க்ல போய்க் காசைப் பிடுங்கினா கணக்கையே முடக்கிடுவாங்க. அங்கயே கேட்டா கிடைக்கறதை எதுக்கு அப்படிச் செய்யணும்?

பதினோராவது நாள் கடையில இருந்து மெயில். பணம் தர்றோம். பேங்க்குக்கு வேணும்னா 14 வேலை நாள், எங்க வாலெட்டுக்குன்னா இப்பவே. எனக்குப் பொறுமை போயிருந்துச்சு, வாலெட்டை அமுக்கிட்டேன். இந்தக் கதையில நான் பண்ணின பெரிய மடத்தனம் கீ வாங்கினது இல்லை, இதுதான். பணம் கொடுத்தாச்சுன்னு அவங்க பேங்க்குக்கு ஆதாரம் காட்ட, என் தகராறு அன்னிக்கே செத்துப் போச்சு. வாலெட்டுல ஏறினது 310. கட்டணம் 79 திரும்பாது. அந்த 310ஐயும் வெளிய எடுக்க முடியாது, அதே கடையில இன்னொரு கீ வாங்கலாம்.

ஆபீஸ்ல ஒரு தம்பி, "நுகர்வோர் கோர்ட்டுக்குப் போங்கண்ணா"ன்னான். சட்டம் நம்ம பக்கம்தான். 2019 சட்டப்படி நாம குடியிருக்கற ஊர்லயே வழக்குப் போடலாம், நமக்குத் திருப்பூர். அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. 2020ல வந்த இணைய வணிக விதிகள், இந்தியாவுல இருக்கறவங்களுக்குத் தொடர்ந்து விக்கற வெளிநாட்டுக் கடைக்கும் பொருந்தும். புகாரை 48 மணி நேரத்துல ஏத்துக்கிட்டு ஒரு மாசத்துல தீக்கணும். இந்தியக் கடையா இருந்தா நான் கண்டிப்பா நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டிருப்பேன், போடவும் சொல்லுவேன். ஆனா எந்தத் தீவுல பதிவு பண்ணியிருக்குன்னே தெரியாத கடை மேல 79 ரூபாய்க்குத் தீர்ப்பு வாங்கி, அதை யார் போய் வசூல் பண்றது?

அந்தத் தம்பியே இன்ஸ்டாகிராம்ல 150 ரூபாய்க்கு 'ஆஃப்லைன் அக்கவுன்ட்' வாங்கினவன். அதாவது ஒரே ஸ்டீம் கணக்கோட பாஸ்வேர்டை அம்பது பேருக்கு வித்து, நெட்டை அணைச்சுட்டு விளையாடுங்கன்னு விடறது. மூணாவது வாரம் பாஸ்வேர்டு மாறிருச்சு, வித்தவன் இவனை பிளாக் பண்ணிட்டான். அதோட பாத்தா என் கடைக்காரர் உத்தமர். அந்த மாதிரிக் காசை வாங்கிட்டு ஓடறவன்னா, வெக்கப்படாம உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிடணும். எவ்வளவு சீக்கிரம் சொல்றமோ, பணத்தை நடுவழியில நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

ஜூன் கடைசியில ஸ்டீம்ல கோடைத் தள்ளுபடி வந்துச்சு. அந்த லாரி கேம், நான் கட்டின 389ஐ விடக் கம்மி. ரூபாயிலயே, யூபிஐலயே. 2015 நவம்பருக்கு முன்னாடி ஸ்டீம்ல டாலர்லதான் கட்டணும், நம்மகிட்ட அதுக்கான கார்டும் இருக்காது. அப்ப நம்ம பசங்க கள்ளச் சந்தைக்குப் போனதுல ஒரு நியாயம் இருந்துச்சு. இப்பவும் போறது பழக்க தோஷம். விலை ஒத்துவரலைன்னா தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம். இல்லைன்னா கேம் கம்பெனிகிட்டயே நேரா கீ வாங்கி விக்கற ஹம்பிள், ஃபனாட்டிக்கல், கிரீன் மேன் கேமிங் மாதிரி கடையில பாக்கலாம். 'இஸ் தேர் எனி டீல்'ங்கற தளம் அந்த மாதிரி கடைங்க விலையை மட்டும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டும். இதெல்லாம் எனக்கு இப்பத் தெரியும். வாங்கிக் கொடுத்தேன். ஆனா பள்ளிக்கூடம் தொறந்து பத்தாவது ஆரம்பிச்சாச்சு. பையன்கிட்டக் கொடுத்தனுப்பின லேப்டாப்பை அக்கா தூக்கி அலமாரியில வெச்சுப் பூட்டிருச்சு.

வாலெட்டை மறந்தே போயிட்டேன். அக்டோபர் கடைசியில மெயில் வந்துச்சு: ஆறு மாசமா நீங்க எங்க கடைக்கு வரலை, அதனால பராமரிப்புக் கட்டணமா ஒரு யூரோ. நவம்பர்ல ஒண்ணு. டிசம்பர்ல ஒண்ணு. அரைப் பரீட்சை லீவுக்குப் பையன் அந்த லேப்டாப்போட வந்திருந்தப்ப பாத்தா, மீதி 40 ரூபாய்.

"மாமா, இதையும் உட்டா அடுத்த மாசம் இதும் போயிரும். எந்த கேம்னே சொல்லாம ஒரு கீ தர்றாங்க பாருங்க, 38 ரூபா."

வாங்கினோம். சத்தியமாச் சொல்றேன், ஸ்டீம்ல அடிச்சதும் உடனே ஏறிருச்சு. ஒரு கோழி ரோட்டைத் தாண்டணும், அதான் கேம். லாரி வந்து வந்து அடிக்குது. பையன் நாலு நிமிஷம் ஆடிட்டு மூடி வெச்சுட்டான். அப்புறம் போனை எடுத்து அப்பனுக்குப் போட்டு, எங்க இருக்கீங்கன்னு கேட்டான். எலியார்பத்தி டோல்கேட் தாண்டிட்டாராம்.